தாது வருஷமும் இமயப் பனியின் உப்பும்



இன்று ஆந்திரத்தில் இருக்கும் சித்தூர், 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைமையிடம். திருப்பதியும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி வாழ்ந்த இந்தச் சீமையில் 1876ஆம் ஆண்டு மழை பொய்த்தது. தென்மேற்குப் பருவம் கைவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையாவது காப்பாற்றும் என்று காத்திருந்தவர்களை வடகிழக்குப் பருவமும் ஏமாற்றியது. கர்னூல், பெல்லாரி, கடப்பை, வட ஆர்க்காடு, சேலம் என்று பஞ்சம் பரவியது. தமிழர் அதை இன்றும் தாது வருஷப் பஞ்சம் என்றே சொல்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று அரசின் பிரதிநிதி ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். அதை உண்டு உழைக்கும் உடல் பிழைக்காது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார்.

இவையெல்லாம் மனிதர் எழுதி வைத்தவை. அதே வறட்சிக்கு மனிதர் எழுதாத சாட்சி ஒன்றும் இருக்கிறது. அது இங்கிருந்து வெகு தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 7,200 மீட்டர் உயரத்தில், பனிக்குள் கிடந்தது.

1. உப்பும் புழுதியும்

திபெத்தின் தெற்கு விளிம்பில் சிஷாபங்மா சிகரத்தை ஒட்டி டசுவோப்பு என்ற பனியாறு இருக்கிறது. 1997இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோனி தாம்ப்சன் தலைமையிலான குழு, சீன விஞ்ஞானிகளோடு சேர்ந்து அங்கே மூன்று இடங்களில் துளையிட்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 160 மீட்டர் நீளமுள்ள பனி உருளைகளை எடுத்தது. பனி உருளை எடுக்கப்பட்ட இடங்களிலேயே மிக உயரமானவற்றில் ஒன்று இது.

அங்கே விழும் பனி, நம் பருவக்காற்று சுமந்து செல்லும் ஈரம். காற்று வலுவாக வீசிய ஆண்டில் பனி நிறைய விழும், அழுக்கும் குறைவாக இருக்கும். பருவக்காற்று தளர்ந்தால் கீழே நிலம் காய்ந்து வெடிக்கும். காய்ந்த மண்ணின் புழுதியும் வறண்ட நிலங்களில் பூத்த உப்பும் காற்றில் ஏறி மலைமேல் படியும். ஆகவே உருளையில் புழுதியும் குளோரைடும் ஒருசேர எகிறும் இடம் மழை பொய்த்த காலத்தின் அடையாளம்.

தாம்ப்சன் குழு தன் முடிவுகளை 2000ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. ஆயிரம் ஆண்டுப் பதிவில் பல வறட்சிகள் தெரிந்தன. 1876 அவற்றுள் ஒன்று. ஆனால் எல்லாவற்றையும் விடக் கொடியது 1790 முதல் 1796 வரை நீடித்த வறட்சி. அந்த ஆண்டுகளின் பஞ்சத்துக்கும் ஆந்திரக் கரையில் சாட்சி உண்டு. காக்கிநாடாவுக்கு அருகே சாமல்கோட்டாவில் கம்பெனி மருத்துவராக இருந்த தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ, வானிலைக் குறிப்புகளை எழுதிவந்தவர். வட சர்க்கார் பகுதியில் மழை தவறியதையும் மக்கள் பட்ட பாட்டையும் பதிவு செய்திருக்கிறார். சாமல்கோட்டாவில் ஒருவர் எழுதியதும் இமயத்தில் உப்பு எழுதியதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சித்தூரில் 1876இல் எத்தனை அங்குலம் மழை பெய்தது என்பதை இந்தப் பனி உருளை சொல்லாது. இந்த மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமும் மழை தருகிறது; அந்தக் காற்று இமயத்துக்குப் போவதில்லை. துணைக்கண்டம் முழுவதும் பருவக்காற்று எப்படி நடந்துகொண்டது என்பதைப் பனி சொல்லும். ஊரில் என்ன நடந்தது என்பதை ஊரின் ஆவணம்தான் சொல்ல வேண்டும்.

2. கடுகளவு உப்பு

ஆய்வுக்கூடத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். உருளைகள் உருகாமல் உறைநிலைக் கிடங்குக்கு வந்து சேரும். கோவாவின் வாஸ்கோவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்திலும் மைனஸ் 20 டிகிரியில் இயங்கும் அப்படியொரு கூடம் இருக்கிறது. அண்டார்டிகாவிலிருந்து இந்தியக் குழுக்கள் கொண்டுவந்த உருளைகள் அங்கேதான் அறுக்கப்படுகின்றன.

துளையிடும் கருவியும் கையும் பட்ட வெளிப்பக்கத்தை முதலில் நீக்க வேண்டும். சிலர் செராமிக் கத்தியால் சீவுவார்கள். சிலர் மிகத் தூய நீரால் கழுவுவார்கள். உள்ளே மிஞ்சும் பகுதியைச் சில சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, தூய அறையில் மூடிய குப்பியில் உருக்குகிறார்கள். கையுறை இல்லாத ஒரு விரல் பட்டாலே போதும், வியர்வையின் உப்பு நூற்றாண்டுகளின் உப்பை மறைத்துவிடும்.

உருகிய நீரை அயனி நிறப்பகுப்புக் கருவிக்குள் செலுத்துகிறார்கள். பிசின் மணிகள் நிரம்பிய மெல்லிய குழாய் வழியே நீர் போகும்போது ஒவ்வொரு அயனியும் ஒவ்வொரு வேகத்தில் வெளியேறும். திரையில் முதலில் ஃபுளூரைடின் முகடு எழும். அடுத்து குளோரைடு, பிறகு நைட்ரேட், கடைசியாகச் சல்பேட். முகட்டின் பரப்பே அளவு. பேசப்படும் அலகு நூறு கோடியில் ஒரு பங்கு. கோடையில் சித்தூர்த் தெருக்களுக்கு வரும் 10,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றில் கடுகளவு உப்புக்கல்லைக் கரைத்தால் கிடைக்கும் செறிவு அது.

நைட்ரேட்டும் புழுதியும் கனமான ஆக்சிஜன் அணுக்களின் விகிதமும் பருவந்தோறும் ஏறி இறங்குவதால், அவற்றைக் கொண்டு ஆண்டுகளை எண்ணலாம். எண்ணிக்கை சரிதானா என்று பார்க்கவும் வழி உண்டு. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை கக்கிய கந்தகம் இரு துருவங்களின் பனியிலும் சல்பேட் முகடாக நிற்கிறது. 1960களின் தொடக்கத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கமும் அதுபோலவே ஒரு மைல்கல்.

3. துத்தநாகம் சொன்ன செய்தி

அதே டசுவோப்பு உருளை 2020இல் இன்னொரு செய்தியைத் தந்தது. பவுலோ கேப்ரியெல்லியும் அவருடைய குழுவினரும் 1499 முதல் 1992 வரையிலான பனியில் 23 தனிமங்களின் சுவடுகளை அளந்தார்கள். 1780 வாக்கிலிருந்தே காட்மியம், குரோமியம், துத்தநாகம் போன்றவை இயல்பை மீறி உயர்ந்திருந்தன. ஐரோப்பாவில் தொழிற்புரட்சி நிலக்கரியை எரிக்கத் தொடங்கிய காலம் அது. காடுகளை எரித்து நிலமாக்கியதும் துத்தநாகம் கூடியதற்கு ஒரு காரணமாகலாம் என்கிறார்கள். மனிதர் எவரும் இமயத்தின் உச்சியில் கால் வைப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மனிதரின் புகை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டுப் பகுதி நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்த நூற்றாண்டில் குளோரைடு இரண்டு மடங்காகவும் புழுதி நான்கு மடங்காகவும் பெருகியிருப்பதை 2000ஆம் ஆண்டுக் கட்டுரையே காட்டியது. காற்று வரும் திசையில் இருக்கும் இந்தியாவிலும் நேபாளத்திலும் பெருகிய மனித நடவடிக்கையின் கணக்கு அது.

4. காதங்கியில் நடக்கும் வேலை

சித்தூர்–திருப்பதி சாலையில் போகிறவர்கள் காதங்கியைக் கடந்துதான் போகிறார்கள். அங்கே விண்வெளித் துறையின் கீழ் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் அதன் எம்.எஸ்.டி. ராடார் 53 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 1,024 ஆன்டெனாக்களைக் கொண்டு தலைக்குமேல் வீசும் காற்றை அளக்கிறது.

பருவமழைக் காலத்தில் ஆசியாவின் மேல், ஏறக்குறைய 13 முதல் 18 கிலோமீட்டர் உயரத்தில், மெல்லிய துகள்படலம் ஒன்று உருவாகிறது. செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து அது 2011இல் தெரியவந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அறிய, இந்தியாவும் நாசாவும் 2014 முதல் பலூன்களை அனுப்பின. காதங்கியும் ஐதராபாத்தும் அந்தப் பணியில் பங்கேற்ற இடங்கள். மேலே சேகரித்த துகள்களை அயனி நிறப்பகுப்புக் கருவியில் இட்டபோது நைட்ரேட் மேலோங்கித் தெரிந்தது. பனி உருளையை அளக்கும் அதே முறைதான். ஒன்று பழைய காற்றை அளக்கிறது, மற்றொன்று இன்றைய காற்றை அளக்கிறது. இரண்டையும் ஒரே அலகில் வைத்துப் பார்க்க முடிவதால்தான் மாற்றத்தின் அளவு தெரிகிறது.

5. உருகிப்போகும் சான்று

2006இல் தாம்ப்சன் குழு மானசரோவருக்குத் தெற்கே, குர்லா மந்தாதா என்று நாம் அறியும் நைமோனன்யி மலையில் 6,050 மீட்டர் உயரத்தில் துளையிட்டது. அணுகுண்டுச் சோதனையின் கதிரியக்க முகட்டைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. 1950க்குப் பிறகு படிந்த பனி அங்கே நிலைக்கவேயில்லை. மேலிருந்து உருகிக்கொண்டிருக்கும் பனியாற்றில் அண்மை ஆண்டுகளின் சான்றுதான் முதலில் அழிகிறது. அண்டார்டிகாவின் 8 லட்சம் ஆண்டுப் பனி இன்னும் பல தலைமுறைகளுக்குக் காத்திருக்கும். நம் பருவக்காற்றைப் பதிவு செய்த இமயப் பனிக்கு அந்த அவகாசம் இல்லை.

ஆகவே இந்த மாவட்டங்களில் செய்யக்கூடியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. திருப்பதியில் 1954 முதல் வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015 முதல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் இருக்கின்றன. ஒவ்வொரு பருவத்தின் மழைநீரையும் சுத்தமான குப்பிகளில் பிடித்து, குளோரைடு, நைட்ரேட், சல்பேட் ஆகியவற்றை ஆண்டுதோறும் ஒரே முறையில் அளந்து, எவரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட மாணவர்களால் முடியும். மறுபக்கம், ஆர்தர் காக்ஸ் 1881இல் தொகுத்த வட ஆர்க்காடு ஜில்லாக் கையேடு, தாலுகா அலுவலகங்களின் பழைய மழைக்கணக்கு, ஏரி வரவு, தானிய விலை, கோயில் கணக்கு ஆகியவற்றில் எஞ்சியிருப்பதை வரலாற்று மாணவர்கள் தேடியெடுத்து ஆண்டுவாரியாக அட்டவணைப்படுத்தலாம். 1876, 1877ஆம் ஆண்டுகளிலிருந்து தொடங்கினால், டசுவோப்புப் பனியின் குளோரைடு அளவுகளுக்குப் பக்கத்திலேயே சித்தூரின் மழை அளவுகளையும் வைத்து ஒப்பிட முடியும்.