ஒரே மரம், இரண்டு கூலி



வேலை தேடிப் போகிறவன் எங்கே கூலி அதிகம் என்று மட்டுமா பார்க்கிறான்? தன்னவர் எங்கே இருக்கிறார்கள் என்றும் பார்க்கிறான். மலாயா ரப்பர் தோட்டங்களின் கதை இதுதான்.

இங்கே பட்டினி கிடந்த நம் ஜனங்களைக் கங்காணி முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றினான். அவர்கள் தேடியது என்ன? ஊர்க்காரன் குடியிருக்கும் லயம், தமிழ் பேசும் கங்காணி, ஒரு மாரியம்மன் கோயில். முதலாளிக்கு இது வசதியாகப் போயிற்று! காண்டிராக்டர் மூலம் வந்த சீனத் தொழிலாளி கூலி பிடிக்காவிட்டால் வேறிடம் போய்விடுவான். கடனும் உறவும் கட்டிப்போட்ட தமிழன் நகரமாட்டான். ஆகவே அதே பால்மரம் சீவிய தமிழனுக்குக் குறைந்த கூலி!

1941-ம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனருக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பெண்கள்மேல் கை வைக்காதே என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள்.

சைக்கிள் ஒரு கோரிக்கையா என்று சிரிக்காதீர்கள். மிராசுதார் எதிரே செருப்புப் போட்டு நடக்க நாம் பட்ட பாடு மறந்தா போயிற்று?

தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.