மண்ணில் கிடைக்கும் படைப் பொருள்கள்

போர் நடந்த நிலம் தான் விழுங்கியதை எளிதில் விட்டுக் கொடுப்பதில்லை. 1944-ஆம் ஆண்டில், மார்ச்சு முதல் ஜூலை வரை இம்பால் சமவெளியைச் சுற்றிலும், ஏப்ரல் முதல் ஜூன் வரை கொஹிமா மலையிலும் பெரும் போர் நிகழ்ந்தது. எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் அப்பகுதிகளில் ஏர் உழுபவரின் கொழுவிலும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவோரின் மண்வெட்டியிலும் இன்றும் துருப்பிடித்த இரும்பும் பச்சை பூத்த பித்தளையும் தட்டுப்படுகின்றன. மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தை ஒலியெழுப்பிக் காட்டும் கருவியைக் கையில் ஏந்தி, இவற்றைத் தேடிச் செல்லும் ஆர்வலரும் உளர்.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. 1960-களில் பர்மாவை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல, மணிப்பூரின் எல்லை ஊராகிய மோரேயில் குடியேறின. தமுவிலிருந்து மோரே வழியாகப் பலேலுக்கு ஏறிச் செல்லும் மலைச்சாலை, அப்போரில் இரு தரப்பினரும் அடிதோறும் போரிட்ட பாதையாகும். மோரேயிலேயே அன்று படைச் சரக்குக் கிடங்கு இருந்தது. ஆகவே அங்கு வாழும் நம்மவர் கொல்லையைக் கொத்தும்போது ஏதேனும் ஒன்று வெளிப்பட்டால், அஃது யாதென அறிந்துகொள்வது உயிரைக் காக்கும் அறிவாகும்.

முதலில் நாம் மனத்திற் கொள்ள வேண்டுவது ஒன்று. வெடிமருந்து காலத்தால் சாவதில்லை. குண்டின் ஓடு துருவேறி மெலியும். உள்ளிருக்கும் மருந்தோ பெரும்பாலும் கெடாமல் இருக்கும். ஜப்பானியர் பல குண்டுகளில் பிக்ரிக் அமிலத்தை நிரப்பினர். அது செம்பு, ஈயம் போன்ற உலோகங்களோடு நெடுங்காலம் கூடியிருந்தால், சிறு உராய்வுக்கும் வெடிக்கக்கூடிய உப்புகள் உண்டாகின்றன. ஆகையால் பழங்குண்டு புதுக்குண்டைவிட அபாயமானதாகவும் இருக்கலாம். முட்டை வடிவில் கட்டங்கட்டமாக வெட்டுண்ட வார்ப்பிரும்பு உருண்டை பிரிட்டிஷாரின் கைக்குண்டு. அதே கட்டங்கள் உருளை வடிவில் அமைந்திருப்பின் ஜப்பானியருடையது. வாலில் இறகுத் தகடுகள் கொண்டது மார்ட்டர் குண்டு. இவற்றைக் கண்ட அளவில் இனங்காணல் முடிந்தது. கை படலாகாது, தட்டலாகாது, பழைய இரும்புக்கு எடைபோட எண்ணவும் ஆகாது. இடத்துக்கு அடையாளம் வைத்து, குழந்தைகளை விலக்கி, 112 என்னும் எண்ணிலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அறிவிக்க வேண்டும். வெடிகுண்டு வல்லுநர் வந்து அகற்றுவர்.

இனி, தீங்கற்ற பொருள்களுக்கு வருவோம். மிகுதியாகக் கிடைப்பது சுடப்பட்ட தோட்டாவின் வெற்று உறை. சுட்டதா, சுடாததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உறையின் வாயில் குண்டு செருகியிருந்தால் அது உயிருள்ள தோட்டா. உரிமமின்றி அதனை வைத்திருத்தல் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமும் ஆகும். வெற்று உறையாயின், அளவுகோலை எடுக்கலாம். பிரிட்டிஷ், இந்தியப் படைகளின் முந்நூற்று மூன்று என வழங்கிய தோட்டாவின் உறை 56 மில்லிமீட்டர் நீளமுடையது. அடியில் விளிம்பு நன்றாக வெளியே புடைத்து நிற்கும். ஜப்பானியரின் 7.7 மில்லிமீட்டர்த் துப்பாக்கித் தோட்டாவின் உறை 58 மில்லிமீட்டர். அடிவிளிம்பு உடலோடு ஒட்டி நிற்கும். அவர்களுடைய பழைய 6.5 மில்லிமீட்டர்த் தோட்டாவின் உறை 50 மில்லிமீட்டர். விளிம்பு சற்றே புடைத்திருக்கும்.

அடுத்து, அடிப்பாகத்து எழுத்துகள். முந்நூற்று மூன்றில் தொழிற்சாலையின் குறியும் ஆண்டின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். கே, எஃப் என்னும் எழுத்துகள் இருப்பின், அது பூனாவுக்கருகில் உள்ள கிர்க்கித் தொழிற்சாலையில் செய்தது. ஜப்பானியத் தரைப்படையின் துப்பாக்கித் தோட்டாக்களிலோ பெரும்பாலும் எழுத்தே இராது. எழுத்தின்மையும் ஒரு சான்றே. மேல்நோக்கிய அம்புக்குறியும் அதன்கீழ் ஐ என்னும் எழுத்தும் இருப்பின், அப்பொருள் அன்றைய இந்திய அரசின் உடைமை. பதினாறு இதழ்கள் கொண்ட சாமந்திப் பூ, ஜப்பானியத் துப்பாக்கியில் பொறித்த பேரரசு முத்திரை.

ஜப்பானிய எண்களைப் படிப்பதில் சிறு கணக்கு உண்டு. தொண்ணூற்றொன்பதாம் வகைத் துப்பாக்கி என்பது, அந்நாட்டுப் பேரரசு ஆண்டுக் கணக்கில் 2599, அதாவது நம் கணக்கில் 1939-ஐக் குறிக்கும். முப்பத்தெட்டாம் வகையோ மெய்ஜி மன்னரின் முப்பத்தெட்டாம் ஆண்டாகிய 1905. வேறு சில பொருள்களில் ஷோவா ஆண்டு காணப்படும். அதனோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும். ஷோவா 19 என்பது 1944.

இவ்வளவும் தெரிந்த பின்னரும் அவசர முடிவு கூடாது. செய்தவன் ஒருவன், சுட்டவன் வேறொருவன் ஆகலாம். சிங்கப்பூரிலும் மலேயாவிலும் பிரிட்டிஷார் கைவிட்ட துப்பாக்கிகளையே இந்திய தேசிய இராணுவத்தினர் ஏந்தி வந்தனர். அப்படையில் மலேயத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் பலர். மறுபுறம், பர்மாப் போர்முனையில் சாலையும் பாலமும் அமைத்த சென்னைச் சாப்பர் படைப்பிரிவிலும் தமிழர் இருந்தனர். ஆகவே முந்நூற்று மூன்றின் உறை ஒன்று, எந்தப் பக்கத்துக் கையிலிருந்து வீழ்ந்தது என்பதை உறை மட்டும் சொல்லாது. கிடைத்த இடம், ஆழம், அருகில் கிடந்த பிற பொருள்கள் ஆகியவை சேர்ந்தே சொல்லும். இதனால்தான் பொருளை எடுக்கு முன் படமெடுத்து, இடத்தைக் குறித்துவைத்தல் இன்றியமையாததாகிறது. துருவைச் சுரண்டித் தேய்த்தலும் தகாது. எழுத்து துருவோடு போய்விடும்.

எல்லாவற்றினும் மேலானது ஆளடையாளத் தகடு. பிரிட்டிஷ் முறைப்படி வீரன் கழுத்தில் இரண்டு வில்லைகள் தொங்கின: பச்சை நிறத்தில் எண்கோணமானது ஒன்று, சிவப்பு நிறத்தில் வட்டமானது ஒன்று. இறந்தால் சிவப்பைக் கழற்றிக் கணக்கில் சேர்ப்பர். பச்சை உடலோடு நிற்கும். பெயரும் எண்ணும் அவற்றில் இருந்தன. ஆனால் அவை அழுத்திய நாரால் ஆனவை. கருவி அவற்றைக் கண்டு ஒலிக்காது. ஜப்பானியச் சிப்பாயின் பித்தளைத் தகடு நீள்வட்டமானது. அதற்குக் கருவி ஒலிக்கும். ஆயினும் சாதாரணச் சிப்பாயின் தகட்டில் படைப்பிரிவின் குறியும் எண்ணுமே உண்டு, பெயர் இல்லை. பெயருள்ளது ஒலிப்பதில்லை; ஒலிப்பதில் பெயரில்லை.

ஆதலால் தகட்டோடு எலும்பும் தென்பட்டால், தோண்டுதலை அக்கணமே நிறுத்தவேண்டும். அது கல்லறை. காவல்துறையினர்க்குச் சொன்னால், செய்தி உரிய நாட்டுத் தூதரகத்துக்கும், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்கும் செல்ல வழியுண்டு. ஜப்பானில் 2016-ஆம் ஆண்டில், போரில் மாண்டோரின் எச்சங்களைத் திரட்டும் பணியை விரைவுபடுத்தச் சட்டமே இயற்றப்பட்டது. கொஹிமாவில் தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 917 பேரின் பெயர்கள் அங்குள்ள நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

உறையும் பொத்தானும் தண்ணீர்க் குப்பியும் நம் அலமாரியில் இருந்தால் வெறும் பழம்பொருள்களே. மொய்ராங்கில் உள்ள இந்திய தேசிய இராணுவ அருங்காட்சியகத்திலோ, 2019-இல் இம்பாலுக்கருகே திறக்கப்பட்ட அமைதி அருங்காட்சியகத்திலோ, கிடைத்த இடத்தின் குறிப்போடு காட்டினால், அவை சாட்சிகளாகும். கிடைத்ததைத் தொடாதிருக்கவும், தொட்டதைக் கெடாமல் வைக்கவும், அறிந்ததை உரியவரிடம் சேர்க்கவும் நாம் பழகுவோமாக.