கிளிக்குப் பெற்றோர் இட்ட பெயர்



இல்லறத்தார்க்குரிய அகிம்சை அணுவிரதத்தைக் கூறும் நம் ஆசாரியர்கள், அவ்விரதத்துக்கு நேரும் ஐந்து அதிசாரங்களையும் உடன் கூறிச் சென்றனர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அவற்றை வரிசைப்படுத்தும் உமாசுவாமி ஆசாரியர், கட்டிவைத்தலை முதலில் வைத்தார். அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் ஆகியன அதன் பின்னரே வருகின்றன. வரிசையைக் கேட்கும் இளையோர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கூண்டிலுள்ள கிளியை யாரும் அடிப்பதில்லை. கொய்யாவும் மிளகாயும் வேளை தவறாமல் கிடைக்கின்றன. பூனையிடமிருந்தும் பருந்திடமிருந்தும் காவலும் இருக்கிறது. பின் அக்கிளி இழந்தது யாது?

பறப்பதை இழந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்த விடை. கண்ணுக்குத் தெரியாத மற்றோர் இழப்பும் உண்டு. அதனை உலகுக்குக் காட்டியவர்கள் காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் ஒலிப்பதிவுக் கருவியுடன் காத்திருந்த சில ஆய்வு மாணவர்கள். பட்டம் பெறாத நிலையிலேயே அவர்கள் தொடங்கிய வேலை அது.

கிளியின் அறிவைப் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலம் கூண்டுக்குள்ளேயே நடந்தது. ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அறிஞர் 1977-இல் சிகாகோ நகரக் கடையொன்றில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கி, அதற்கு அலெக்ஸ் எனப் பெயரிட்டுப் பயிற்றினார். 2007-இல் இறக்கும் வரை அக்கிளி நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றை ஆங்கிலச் சொற்களால் கூறி அறிஞர்களை வியக்க வைத்தது. கிளி நம் மொழியில் எத்துணை பேசும் என்பதை அவ்வாய்வு காட்டியது. ஆயினும் தன் இனத்தோடு வாழும் கிளி தனக்குள் என்ன பேசிக்கொள்கிறது என்னும் கேள்வி அப்படியே நின்றது. மனிதர் குரலைத் திருப்பிச் சொல்லும் ஆற்றலை இயற்கை ஒரு பறவைக்கு வீணே தந்திராது. அந்த ஆற்றலுக்குக் காட்டில் ஏதோ வேலை இருந்திருக்க வேண்டும்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஜாக் பிராட்பரியின் வழிகாட்டலில் முனைவர் பட்டத்துக்குப் பயின்ற திமோத்தி ரைட் இக்கேள்வியோடு மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவுக்குச் சென்றார். அந்நாட்டின் வடமேற்கில் பசுக்கள் மேயும் வெளிகளும் உலர்காடுகளும் கலந்த நிலப்பரப்பு உள்ளது. மஞ்சள் பிடரி அமேசான் கிளிகள் பகலில் இணை இணையாகச் சிதறி இரை தேடி, அந்தி சாயும் வேளையில் குறிப்பிட்ட சில மரங்களுக்குக் கூட்டமாகத் திரும்பும். அத்தகைய 16 தங்குமரங்களில் அவர் ஒலிகளைப் பதிவு செய்தார். கிளி தன் துணையையும் கூட்டத்தையும் அழைக்கக் குரல் கொடுக்கும் குறுகிய அழைப்பொலியே அவர் தேடியது.

1996-இல் வெளியான அவருடைய முடிவு தெளிவானது. அந்நிலப்பரப்பின் கிளிகள் மூன்று வட்டார வழக்குகளைப் பேசின: வடக்கத்தியது, தெற்கத்தியது, நிகராகுவா எல்லையை ஒட்டியது. ஒரே வழக்கினுள் அடுத்தடுத்த தங்குமரங்களில் ஒலி மாறுவதில்லை. எல்லையைக் கடந்தவுடன் சட்டென மாறிவிடும். எல்லையில் அமைந்த மரங்களில் இரு வழக்குகளையும் பேசும் கிளிகள் இருந்தன. நெல்லைக்காரர் பேச்சையும் கோவைக்காரர் பேச்சையும் ஒரே பேருந்தில் கேட்டுப் பழகிய நமக்கு இதில் வியப்பு குறைவாகத் தோன்றலாம். ஆனால் குரல் வேறுபாடு இரத்தத்தில் வந்ததா, கற்றதா என்பதை அறிய வேண்டியிருந்தது. பின்னர் மரபணுக்களை ஒப்பிட்டபோது, வழக்கு வேறுபாட்டுக்கு இணையான மரபணு வேறுபாடு காணப்படவில்லை. கிளிகள் எல்லை தாண்டிச் செல்கின்றன; சென்ற இடத்தின் பேச்சைக் கற்கின்றன.

இதே பிராட்பரி பங்கேற்ற மற்றோர் ஆய்வு இன்னும் நெருங்கிச் சென்றது. வெனிசுவேலாவின் புல்வெளிப் பண்ணையொன்றில், உள்ளங்கையில் அடங்கும் சின்னஞ்சிறு பச்சைக் கிளிகளைப் பல ஆண்டுகளாகக் கூட்டுக்குழாய் அமைத்து ஆராய்ந்து வந்தனர். கார்ல் பெர்க் என்பவர் கூட்டினுள் நிகழ்வதைப் படமும் ஒலியுமாகப் பதிந்தார். சில கூடுகளின் முட்டைகளை ஒன்றுக்கொன்று மாற்றியும் வைத்தார். 2011-இல் வெளியான முடிவின்படி, குஞ்சுகள் வாய் திறந்து அழைக்கத் தொடங்குமுன்னரே பெற்றோர் அவற்றை நோக்கித் தனித்தனி ஒலிகளை எழுப்புகின்றனர். குஞ்சு வளர்ந்து தனக்கென ஓர் அழைப்பொலியை அமைத்துக்கொள்ளும்போது, அது வளர்த்தவர் ஒலியை ஒத்திருக்கிறது. முட்டையிட்டவர் வேறாக இருந்தாலும் அப்படியே. பெற்றோர் இட்ட பெயரைச் சற்றே தன் விருப்பப்படி திருத்திக்கொண்டு வாழும் உயிர் கிளி என்று இதனைச் சொல்லலாம்.

சீவகசிந்தாமணியில் குணமாலை கிளியைத் தூது விடுகிறாள். தூது சுமக்கும் அக்கிளிக்குக் கூட்டில் அதன் தாய் இட்ட பெயர் வேறொன்று இருந்திருக்கும் என்று இப்போது எண்ணத் தோன்றுகிறது.

ரைட்டின் பாதை ஒலியோடு நிற்கவில்லை. கிளிக் கூடுகளைத் தேடிச் செல்பவர், தாம் பார்த்து வைத்த கூடு மறுமுறை வெறுமையாகக் கிடப்பதைக் காண்பது அந்நாடுகளில் அரிதன்று. மரமேறிக் குஞ்சுகளை எடுத்து வளர்ப்புச் சந்தைக்கு விற்பவர்கள் முந்திக்கொள்கின்றனர். மத்திய, தென் அமெரிக்க நாடுகளில் கிளிகளை ஆராய்ந்த பலருடைய குறிப்பேடுகளை ரைட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒன்றுதிரட்டினர். 21 இனங்களைச் சேர்ந்த 4,000-க்கும் மேற்பட்ட கூடுகளின் கணக்கு அது. 2001-இல் வெளியான அவ்வாய்வில், சராசரியாக நூற்றுக்கு 30 கூடுகள் மனிதரால் சூறையாடப்பட்டிருந்தன. மற்றொரு செய்தியும் அதில் இருந்தது. காட்டுப் பறவைகளின் இறக்குமதியை ஒடுக்கும் சட்டத்தை அமெரிக்கா 1992-இல் இயற்றிய பின், கூட்டுத் திருட்டின் அளவு முன்னைவிடக் குறைந்திருந்தது. கடல் கடந்த ஒரு நாட்டில் வாங்குபவர் கை சுருங்கியபோது, காட்டில் மரமேறுபவரின் காலும் தயங்கியது.

இந்த இடத்தில் நம் சமூகத்தினர் சிலரிடம் உள்ள ஒரு வழக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. பரியூஷண நாட்களிலும் பிற நோன்பு நாட்களிலும் பறவைச் சந்தையில் கூண்டுப் பறவைகளை விலை கொடுத்து வாங்கிப் பறக்கவிடுவதை ஜீவதயையாகக் கருதுவோர் உள்ளனர். நோக்கம் தூயது. ஆயினும் சந்தைக்காரர் அந்நாட்களை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கென்றே வலை விரிக்கிறார். ஒரு கிளிக்குக் கொடுத்த பணம் அடுத்த கிளியைப் பிடிக்க முன்பணமாகிறது. கோஸ்டா ரிக்காவில் ஒரு வட்டாரத்துக் கிளிகளை மற்றொரு வட்டாரத்துக்குக் கொண்டுபோய் விட்டுப் பார்த்த ஆய்வில், இளம்பறவை ஒன்று புது இடத்துப் பேச்சைக் கற்றுக்கொண்டது. முதிர்ந்தவை தம் பழைய பேச்சிலேயே இருந்தன. எங்கோ பிடிக்கப்பட்டு, எங்கோ விடப்படும் கிளியின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம். தில்லி செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திரில் நம்மவர் நடத்தும் பறவை மருத்துவமனை செய்வது வேறு வகைத் தொண்டு. அங்கே காயமுற்ற பறவை விலையின்றி வருகிறது. குணமானபின் வானத்துக்குச் செல்கிறது. இடையில் வணிகர் எவரும் இல்லை.

கூண்டிலிருந்து தப்பியோ விடப்பட்டோ அயல்நாட்டில் நிலைத்துவிட்ட கிளிகளும் உண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சொந்தமாக இருந்த ஒரே கிளி கரோலினாக் கிளி. அதில் ஒன்று சுடப்பட்டு வீழ்ந்தால், கூட்டம் பறந்தோடாமல் வீழ்ந்த தோழனைச் சுற்றிக் கதறி வட்டமிடும். வேட்டைக்காரர் எஞ்சியவற்றையும் நின்ற இடத்திலேயே சுடுவர். ஒன்றையொன்று அழைக்கும் அந்தப் பண்பே அதன் அழிவை விரைவுபடுத்தியது. கடைசியாக வாழ்ந்ததாக அறியப்பட்ட பறவை 1918-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்தது.

தன் கிளியை அழித்த நாடு, அரை நூற்றாண்டுக்குள் அயல்நாட்டுக் கிளிகளை விலைக்கு வாங்கிக் குவித்தது. அர்ஜென்டினா, உருகுவே முதலிய நாடுகளில் பயிரை அழிப்பதாகப் பழிக்கப்பட்ட ஒரு கிளி 1960-களிலும் 1970-களிலும் பல்லாயிரக்கணக்கில் இறக்குமதியானது. நெற்றியும் மார்பும் சாம்பல் நிறமாக இருப்பதால் அதனை ஆங்கிலத்தில் துறவி என்று பொருள்படும் மாங்க் என்னும் பெயரால் அழைக்கின்றனர். பெயர்தான் துறவி, வாழ்வோ பெருங்குடும்ப வாழ்வு. மற்றக் கிளிகள் பெரும்பாலும் மரப்பொந்தில் குடியிருக்க, இதுவோ சுள்ளிகளை அடுக்கிப் பல அறைகள் கொண்ட கூட்டுவீடு கட்டும். பொந்து தேவையில்லாததால் நகரத்து விளக்குக் கம்பமும் மின்மாற்றியும் இதற்குப் போதும். சிகாகோவின் ஹைட் பார்க் பகுதியில் 1970-களில் குடியேறிய இக்கிளிகள், உறைபனியில் வீட்டார் வைக்கும் தானியத்தை உண்டு பிழைத்தன. அந்நகர மேயர் ஹெரால்டு வாஷிங்டன் தம் வீட்டெதிரே கூடு கட்டிய அவற்றை நற்பேற்றின் சின்னமாகக் கொண்டார்.

அந்நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் புரூயெட்-ஜோன்ஸ் பல ஆண்டுகள் மாணவர்களோடு இக்கிளிகளைக் கணக்கெடுத்தார். அங்கே மாணவியாக இதில் இறங்கிய ஜெனிஃபர் யூலிங் முதலியோருடன் சேர்ந்து அவர் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 56 வகை அயற்கிளிகள் காணப்பட்டன. அவற்றுள் 25 வகைகள் குஞ்சு பொரித்துப் பெருகி வந்தன. கூண்டு வணிகத்தின் பழைய கணக்கேடு மரக்கிளைகளில் எழுதப்பட்டிருப்பதை அதில் காணலாம்.

எல்லா இடத்திலும் அவற்றுக்கு வரவேற்பு இல்லை. 2005-இல் கனெக்டிகட் மாநிலத்தில், கம்பங்களின் மேலிருந்த கூடுகளால் மின்தடையும் தீயும் நேரும் என்று கூறி நூற்றுக்கும் மேற்பட்ட கிளிகளைப் பிடித்துக் கொன்றனர். மக்கள் எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பின்னரே கொலை நின்றது. கம்பத்தில் சுள்ளிக்கூடு தீப்பற்றும் ஆபத்து பொய்யன்று. இதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் கடல் கடத்திக் கொண்டுவந்து விற்றவர் எவரும் அந்தத் தீக்குப் பொறுப்பேற்கவில்லை. கணக்குத் தீர்க்கப்பட்டது கிளியிடம் மட்டுமே.

நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிவிட்ட ரைட்டிடம் முனைவர் பட்டத்துக்கு வந்த கிரேஸ் ஸ்மித்-விதாவ்ரே தேர்ந்தெடுத்தது இந்தத் துறவிக் கிளியை. ஆசான் கேட்ட கேள்வியையே அவர் இரண்டு நாடுகளில் கேட்டார். முதலில் உருகுவேயில், கிளிகள் தம் தாய்நிலத்தில் எப்படி அழைக்கின்றன என்று பதிந்தார். சில பறவைகளுக்கு அடையாளமிட்டு, ஒரே பறவையின் குரலை மீண்டும் மீண்டும் பெற்றார். அமேசான் கிளியிடம் கண்ட வட்டார வழக்கு இங்கே முதன்மையாக இல்லை. கூட்டத்தின் முத்திரையைவிடத் தனிப்பறவையின் முத்திரையே ஒலியில் ஓங்கி நின்றது. ஒவ்வொரு துறவிக் கிளியும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே பறக்கிறது என்பது 2020-இல் வெளியான அந்த ஆய்வின் சாரம்.

பின்னர் டெக்சாஸ் உள்ளிட்ட அமெரிக்கப் பகுதிகளில் குடியேறிய கிளிகளின் ஒலிகளை அவற்றோடு ஒப்பிட்டார். ஒலியைக் கோட்டுப் படமாக்கினால் ஏற்ற இறக்கங்கள் மலைத்தொடர் போலத் தெரியும். அந்த மேடுபள்ளங்கள் குடியேறிய கிளிகளிடம் குறைந்திருந்தன. பெயர் இருந்தது, ஆனால் எளிமைப்பட்டுவிட்டது. 2021-இல் வெளியான கட்டுரையில் இதற்கு அவர் தரும் விளக்கம் கூட்டத்தின் அளவைச் சார்ந்தது. பெருங்கூட்டத்தில் ஒருவரைப் பலரிடமிருந்து பிரித்தறிய நுட்பமான பெயர் வேண்டும். சிறு கூட்டத்துக்கு அது தேவைப்படுவதில்லை. ஒரே ஒரு முருகேசன் உள்ள சிற்றூரில் அவரை அழைக்கத் தலைப்பெழுத்து வேண்டுவதில்லை என்பதைப் போன்றது இது. முன்னொரு காலத்தில் யாரோ சிலர் கூண்டில் அடைத்ததன் தடம், இன்று சுதந்திரமாகப் பறக்கும் பறவையின் குரலில் கேட்கிறது.

தனியே ஒரு கூண்டில் வளரும் கிளியின் நிலை என்ன? அதற்குப் பெயரிட்ட பெற்றோர் அருகில் இல்லை. அப்பெயரைச் சொல்லி அழைக்க ஒருவரும் இல்லை. கற்கும் ஆற்றல் மட்டும் எஞ்சுகிறது. அந்த ஆற்றல் கிடைத்த குரலைப் பற்றிக்கொள்கிறது. வீட்டார் குரலை, அழைப்பு மணியை, வாசலில் காய்கறி விற்பவர் கூவலை. அதைக் கேட்டு வீட்டார் மகிழ்கின்றனர். ஐந்து அதிசாரங்களில் கட்டிவைத்தல் முன்னிற்பதற்கு உரையாசிரியர்கள் கூறும் காரணங்களோடு இதனையும் வைத்து எண்ணலாம்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பச்சைக்கிளி முதலிய நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் வீட்டில் வளர்ப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. ஆயினும் கிளிக்கூண்டு தொங்கும் வீடுகள் இன்றும் உள்ளன. அவற்றுள் நோன்பு தவறாத வீடுகளும் இருக்கலாம். இறகு வெட்டப்பட்ட கிளியை உடனே பறக்கவிட்டால் அது அன்றே பூனைக்கு இரையாகும். வனத்துறையிடம் ஒப்படைத்தால் இறகு முளைக்கும் வரை காத்து, பிற கிளிகளோடு பழக்கி விடுவதற்கு வழியுண்டு.

கோஸ்டா ரிக்காவில் ரைட் மாணவராக நின்று பதிவு செய்த தங்குமரங்களுக்கு அவரும் உடன் பணியாற்றுவோரும் 2005-இலும் 2016-இலும் மீண்டும் சென்றனர். முதல் மீள்பயணத்தில் மூன்று வழக்குகளும் ஏறக்குறைய விட்டுச்சென்ற இடத்திலேயே இருந்தன. இரண்டாம் மீள்பயணத்தில் கிளிகள் பெரிதும் குறைந்திருந்தன. எல்லைகளும் ஒலிகளும் மாறியிருந்தன. மஞ்சள் பிடரி அமேசான் கிளி 2021 முதல் மிகக் கடும் அழிவு அச்சத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அதன் குஞ்சுகள் நன்றாகப் பேசும் என்பதால் சந்தையில் அவற்றுக்கு இன்றும் நல்ல விலை இருக்கிறது.