கடலோரத்து விருந்தாளிகள்



பேராக் நதி மலாக்கா நீரிணையோடு சங்கமிக்கும் பாகான் டத்தோவிலே, தென்னந்தோப்புகளுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் சேற்றுக்கரைகளையும் கண்டல் காடுகளையும் அன்றாடம் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, சைபீரியாவின் கடுங்குளிரிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் கடந்து வரும் பறவைகளுக்கு இந்தக் கடற்கரை ஓர் அன்னசத்திரமாக விளங்குகிறது என்பது எளிதில் புலப்படுவதில்லை.

அப்பறவைகளை எண்ணிக் குறித்துவைக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, 1987-ஆம் ஆண்டில் இந்திய உபகண்டத்தில் ஆரம்பமாகி, பின்னர் மலேசியா உட்படப் பல தேசங்களுக்கும் பரவி, ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில், பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டே நடைபெற்று வருகிறது. 1940-இல் தோன்றிய நமது மலேசிய இயற்கைச் சங்கத்தாரும் இப்பணியில் ஈடுபட்டிருக்கிறார்கள். கடல் ஏறும் வேளையில் சேறு மூழ்கிப் பறவைகள் ஓரிடத்தில் கூடுவதால் எண்ணுவது சுலபம். ஒரே இடத்தை ஒரே பருவத்தில் வருஷந்தோறும் எண்ணினால்தான் எந்த இனம் குறைகிறது என்பது நிச்சயமாகும்.

தொலைநோக்கி இல்லாதவர்களும் வருந்த வேண்டியதில்லை. 2008-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் செயலியில், வேலியோரச் செடியையோ வாய்க்கால் கரை உடும்பையோ கைப்பேசியில் படம் பிடித்து, நாளும் இடமும் சேர்த்துப் பதிந்தால், விஷயமறிந்தவர்கள் அதன் பெயரை ஆராய்ந்து சொல்வார்கள். உறுதியான பதிவுகள் விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் பயன்படுகின்றன.

ஆகவே நேயர்களே, இந்த வார விடுமுறையில் பிள்ளைகளோடு கடற்கரைக்குச் செல்லுங்கள். பறவையை விரட்டாமல், கூட்டை நெருங்காமல், கண்டதைக் கண்டபடியே குறித்து வையுங்கள்.