பலாங்கொடை மனிதனின் வயதை அறிந்த விதம்



நமது ஊரின் பெயர் உலகத்து ஆராய்ச்சி நூல்களிற் காணப்படுகிறது. "பலாங்கொடை மனிதன்" என்று இலங்கையின் ஆதிமனிதனுக்குப் பெயரிட்டவர் கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல அவர்கள். அம்மனிதன் வாழ்ந்த காலத்தை எவ்வாறு கண்டுபிடித்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

எலும்பைக் கையிலெடுத்துப் பார்த்த மாத்திரத்தில் அதன் வயது தெரிந்துவிடாது. 1956ஆம் ஆண்டிலே, வளவை கங்கைப் பக்கத்துப் பெல்லன்பண்டி பலஸ்ஸ என்னுமிடத்தை அகழ்ந்தபொழுது மனித எலும்புக்கூடுகளும் கல்லாயுதங்களும் கிடைத்தன. அங்கே நெருப்பிற் பட்ட படிகக் கற்களும் இருந்தன. காலத்தைச் சொன்னவை இக்கற்களே. மண்ணிலுள்ள கதிர்த்தொழிற்பாடு கல்லினுள்ளே சக்தியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கிறது. கல் நெருப்பில் நன்றாகக் காய்ந்தால் சேர்ந்ததெல்லாம் வெளியேறிவிடும். கணக்குப் பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஆய்வுகூடத்தில் அதை மீண்டும் சூடாக்கினால் மங்கிய ஒளி வீசும். அவ்வொளியையும், அம்மண்ணின் கதிர்வீச்சையும் அளந்தால், ஆதிமனிதன் மூட்டிய நெருப்பு அணைந்து எத்தனை காலமாயிற்று என்று கணிக்கலாம். 1972இல் வெளியான முடிவு ஏறத்தாழ 6,500 ஆண்டு. அதில் 700 ஆண்டு கூடலாம், குறையலாம் என்றும் சேர்த்தே எழுதினார்கள். பல்லாயிரம் ஆண்டுப் பெருமையை மேடைதோறும் முழங்கும் நாம் "கூடலாம், குறையலாம்" என்று ஒருநாளாவது சொன்னதுண்டா?

இனி, குருவிட்டைப் பக்கத்துப் பட்டதொம்பலென குகைக்கு வருவோம். அங்கே உதவியது அடுப்புக்கரி. உயிருள்ள மரம் காற்றிலிருந்து காபன்-14 என்னும் அணுவை ஏற்றுக்கொள்கிறது. மரம் இறந்தபின் அது 5,730 ஆண்டுக்கொருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். மிச்சத்தை அளந்தால் காலம் வரும். இம்முறையைக் கண்ட லிபி என்னும் அமெரிக்கருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. இக்குகையின் சின்னஞ்சிறு கல்லாயுதங்கள் முப்பதினாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை என்று இவ்வாறு அறிந்தார்கள். கடற்சிப்பியிற் செய்த மணிகளும் அங்கே அகப்பட்டன. மலைநாட்டுக் குகைக்குக் கடற்சிப்பி தானாக நடந்து வந்திராது!

ஆனால் கரியின் வயது கல்லாயுதத்தின் வயதாவது, இரண்டும் ஒரே மண்ணடுக்கிற் கிடந்தால் மாத்திரமே. அடுக்குக் கலைந்தால் எந்த இயந்திரத்தாலும் பயனில்லை. இரத்தினபுரிப் பக்கத்து இரத்தினக்கற் குழிகளிலிருந்து காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் எலும்புகள் வெளிவந்திருக்கின்றன. இன்று இவை இலங்கைக் காடுகளில் இல்லாத மிருகங்கள். கல்லைத் தேடி வெட்டும் குழியில் எலும்பு எந்த அடுக்கிற் கிடந்ததென்று யார் குறித்து வைப்பார்? அது தொழிலாளியின் குற்றமன்று. அவனுக்கு அன்றாடக் கூலி. புதையலென்று இரவிலே குகைகளைத் தோண்டுகிறவர்களின் காரியம் வேறு. பொன் கிடைக்காத ஆத்திரத்தில் அவர்கள் வாரியெறியும் கறுத்த மண்ணே நான் மேலே சொன்ன அடுப்புக்கரி!

தோட்டத்து வேலையிலோ, கிணறு வெட்டும்போதோ உங்களுக்கு இப்படியொன்று தென்பட்டால் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருட் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள். அனுமதியின்றித் தோண்டுவது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி குற்றமுமாகும்.