வளரும் பிள்ளையைப் பட்டினி போடலாமா?



செம்பனைத் தோட்டம் ஒன்றில் குடியிருக்கும் தாயார் ஒருவர் தம் மகளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்து வந்தார். பிள்ளைக்கு 13 வயது. முதலாம் படிவம் படிக்கிறாள். திங்கட்கிழமை காலை பள்ளித் திடலில் வரிசையில் நின்றவள் மயங்கி விழுந்துவிட்டாள். கண்ணேறு கழித்துப் பார்த்தும் சரிவரவில்லை என்றார் தாயார். தாதி பொறுமையாக விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கல்யாண வீடு ஒன்றில் பெரியம்மா முறையாகும் ஒருவர், "என்னடி, இப்படி ஊதிப் போயிட்டே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். கேட்டவர் அன்றைக்கே மறந்திருப்பார். பிள்ளை மறக்கவில்லை. மூன்று வாரமாகக் காலைப் பசியாறலும் இல்லை, இரவுச் சோறும் இல்லை. பள்ளியில் ஒரு பெட்டி இனிப்புப் பானம் மட்டும். தாயார் விடிவதற்குள் வேலைக்குப் போகிறவர். மூடி வைத்துவிட்டுப் போன தோசை கோழிக்குப் போனது அவருக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பிள்ளை செய்த தவறு, மெலிய நினைத்தது அல்ல. வளர்கின்ற வயதில் பட்டினி கிடந்து மெலிய நினைத்ததுதான் தவறு.

பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 10 வயதிலிருந்து 14 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகள் 12 வயதிலிருந்து 16 வயதுக்குள்ளும் மளமளவென்று வளர்கிறார்கள். பெண் பூப்படைந்த பிறகு வளர்ச்சி நின்றுவிடுவதில்லை. வேகம் குறைந்தாலும், அதன்பின் இன்னும் 5 முதல் 7 செண்டிமீட்டர் வரை உயருவது சாதாரணம். இடுப்பிலும் தொடையிலும் சதை பிடிப்பதும் அந்த வயதின் இயற்கையே. எலும்பின் விஷயம் இதைவிட முக்கியம். ஒருவர் ஆயுள் முழுவதும் நம்பியிருக்கிற எலும்பின் கனத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு, பெண்ணுக்கு 18 வயதுக்குள்ளும் ஆணுக்கு 20 வயதுக்குள்ளும் சேர்ந்துவிடுகிறது. இளஞ்செம்பனைக்கு உரத்தை நிறுத்திவிட்டுப் பிறகு கொட்டினால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் பிள்ளை பருத்துக்கொண்டே போகட்டும் என்று விட்டுவிடுவதா? அதுவும் கூடாது. இந்நாட்டில் நீரிழிவு மற்றவர்களைவிட நம் இந்தியர்களிடையே அதிகம். முன்பு 40, 50 வயதில் கண்ட நோயை இப்போது பள்ளிப் பிள்ளைகளிடமும் மருத்துவர்கள் காண்கிறார்கள். தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் இருக்கிறதா? அழுக்கென்று நினைத்துப் பீர்க்க நார் போட்டுத் தேய்க்கிறோம், எலுமிச்சம்பழம் தேய்க்கிறோம், சரியாகக் குளிப்பதில்லை என்று அடிக்கவும் செய்கிறோம். பெரும்பாலும் அது அழுக்கல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதைத் தோல் காட்டும் அடையாளம். தேய்ப்பதை நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

பிள்ளை பருமன்தானா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு கட்டக்கூடாது. பெரியவர்களுக்கான எடைக் கணக்கைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்ப்பதும் தவறு. பள்ளியில் செகாக் சோதனையின்போது உயரமும் எடையும் எடுக்கிறார்கள் அல்லவா? அந்த எண்ணோடு சுகாதார நிலையத்துக்குப் போனால், வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணையில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். பருமன் என்றே சொன்னாலும், இன்னும் வளர்கின்ற பல பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்க வேண்டிய அவசியமே இராது. எடையை இருக்கிற இடத்தில் நிறுத்தி வைத்தால் போதும். உயரம் வந்து ஈடு கட்டிவிடும். மிக அதிகப் பருமன் உள்ளவர்களுக்கும், வளர்ந்து முடிந்தவர்களுக்கும் குறைக்க வேண்டியிருக்கலாம். அது மருத்துவரின் கண்காணிப்பில், மெதுவாக நடக்க வேண்டிய காரியம்.

சரி, எடை ஏன் ஏறுகிறது? நம் பாட்டனும் பாட்டியும் இருட்டோடு எழுந்து, பால் மரம் வெட்டி, வாளி சுமந்து, மேடும் பள்ளமும் ஏறி இறங்கினார்கள். அவர்கள் தட்டில் குவிந்த சோறு அந்த உழைப்பில் கரைந்தது. இன்று பேரப்பிள்ளை பள்ளிப் பேருந்தில் உட்கார்ந்து போய், வகுப்பில் உட்கார்ந்து, வீட்டில் கைத்தொலைபேசியோடு உட்காருகிறது. தட்டு மட்டும் பாட்டன் தட்டாகவே இருக்கிறது.

சோற்றைவிட முதலில் பார்க்க வேண்டியது குடிக்கும் பொருளை. காலையில் டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர், பள்ளியில் சிரப் தண்ணீர், மாலையில் மறுபடி தேத்தண்ணீர், கடைக்குப் போனால் வாயுப் பானம். 325 மில்லிலிட்டர் டின் ஒன்றில் 30 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்கள் உண்டு; அது ஆறேழு தேக்கரண்டிக்குக் குறையாது. இந்தச் சீனிக்காகவே 2019ஆம் ஆண்டில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. டின் பாலைப் பால் என்று நம்பிப் பிள்ளைக்கு ஊற்றுகிறவர்கள் டின்னில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். சீனியும் செம்பனை எண்ணெயுமே அதில் பெரும்பங்காக இருப்பதுண்டு. சீனியைப் பாதியாக்குங்கள், ஒரு மாதம் கழித்து அதிலும் பாதியாக்குங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். தாகத்துக்குத் தண்ணீர்.

சாப்பாட்டுக்குப் பிள்ளைகளே பள்ளியில் படித்த கணக்கு ஒன்று இருக்கிறது: சுக்கு, சுக்கு, செப்பாரோ. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். இதற்குக் கடையில் விலை உயர்ந்த சாமான் வாங்க வேண்டியதில்லை. வீட்டுப் பின்னால் முருங்கை இருக்கிறது. கங்கோங் கீரை இருக்கிறது. முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து உண்டு. உப்பு போக நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். தெம்பேயும் தவ்வும் மலிவு. பிள்ளைக்குத் தனியாகப் பத்தியச் சமையல் செய்து, தம்பிக்குக் கோழிப் பொரியலும் அக்காவுக்கு வெறும் கீரையும் வைத்தால், அது தண்டனை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, அப்பாவுக்கும் சேர்த்துத்தான். காலைப் பசியாறலை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் பத்து மணி இடைவேளையில் பிள்ளை எண்ணெய்ப் பலகாரத்தில் போய் விழும்.

மாதவிலக்குத் தொடங்கிய பெண் பிள்ளைக்கு இரும்புச் சத்து கட்டாயம் வேண்டும். மயங்கி விழுந்த அந்தப் பிள்ளைக்கு இரத்தமும் குறைவாகத்தான் இருந்தது. பசியாறிய கையோடு கறுப்புத் தேநீர் குடிப்பது, உணவில் உள்ள இரும்பை உடம்பு ஏற்பதைக் குறைத்துவிடும். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

கைத்தொலைபேசியில் விற்கிறார்களே, பத்து நாளில் மெலியச் செய்யும் காப்பி, மாத்திரை, அதன் பக்கமே போகாதீர்கள். இப்படிப்பட்ட பொருள்களில் சிபுட்ராமின் என்ற மருந்து ஒளித்துக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இருதயத்துக்கு ஆபத்து என்பதால் 2010ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. பேதி மருந்து சாப்பிட்டு மெலிவதும் ஏமாற்று வேலை. போவது கொழுப்பல்ல, தண்ணீரும் உப்பும்.

உடம்பை அசைப்பதற்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். பந்து விளையாடலாம், சைக்கிள் ஓட்டலாம், பெண் பிள்ளை கோலாட்டம் ஆடலாம். அந்தி நேரத்தில் பெண்ணை வெளியே அனுப்பப் பயந்தால், தாயும் கூட நடக்கட்டுமே! இரவில் எட்டு மணி நேரத் தூக்கமும் வேண்டும்.

சில அடையாளங்களைக் கண்டால் தாமதிக்கக்கூடாது. சாப்பிட்ட உடனே கழிவறைக்குப் போய் வாந்தி எடுப்பது, மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் நிற்பது, அடிக்கடி மயக்கம், எவ்வளவு மெலிந்தாலும் இன்னும் குண்டு என்று அழுவது, இவையெல்லாம் வைத்தியம் வேண்டிய நோய். முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கி, தாகமும் இரவில் சிறுநீரும் மிகுந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அந்த 13 வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து வந்தபோது அவள் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, ஏறவும் இல்லை. உயரம் 2 செண்டிமீட்டர் கூடியிருந்தது. மயக்கம் வருவதில்லை. தாயார் இப்போது வேலைக்குக் கிளம்பும் முன் மகளை எழுப்பி, இருவருமாக உட்கார்ந்து பசியாறுகிறார்களாம். அடுத்த கல்யாணத்துக்கு அந்தப் பெரியம்மாவும் வருவாரே, என்ன செய்வது என்று கேட்டார். நீங்களே முன்கூட்டிப் போய்ச் சொல்லி வையுங்கள் என்றோம்.