பன்னிரண்டு லட்சம் டாலர் சட்டை



ஒரு பழஞ்சட்டையைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கின்றது. சிரிக்காதீர்கள். அந்தச் சட்டை 2010-ம் வருஷத்தில் 12 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. பட்டுமல்ல, சரிகையுமல்ல, விளையாட்டுக்காரர் ஒருவர் போட்டுக்கொண்டு வேர்த்த சட்டை!

ஐஸ் ஹாக்கி என்றால் கனடா தேசத்தாருக்கு உயிர். காலில் இரும்பு அலகு வைத்த பூட்ஸுடன் பனிக்கட்டித் தரைமீது வழுக்கியோடி, ஒரு ரப்பர் வட்டைக் கோலால் அடித்து வலைக்குள் தள்ளுவதே ஆட்டம். 1972-ல் அவர்களும் சோவியத் ரஷ்யரும் 8 ஆட்டங்கள் ஆடினார்கள். ரஷ்யரைச் சுலபமாய் ஜெயித்துவிடலாமென்று இறுமாந்திருந்தவர்கள், முதல் ஆட்டத்திலேயே தங்கள் சொந்த மண்ணில் 7-3 என்று தோற்றார்கள். ஏழு ஆட்டம் முடிந்தபோது இரு கட்சியும் சரிசமம். செப்டம்பர் 28-ந் தேதி மாஸ்கோவில் கடைசி ஆட்டம், அதிலும் 5-5. இன்னும் 34 விநாடிதான் பாக்கி. அப்போது பால் ஹெண்டர்சன் வட்டை வலைக்குள் தள்ளிவிட்டார். அன்று அவர் போட்டிருந்த 19-ம் நம்பர் சட்டைதான் இது. அதை அவர் தமது கட்சிக்கு ஊழியம் செய்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம்.

சரி, 12 லட்சம் எதற்கு? துணிக்கா? துணிக்குச் சில டாலர்கூடப் பெறாது. "இதுதான் அது" என்கிற ஒரு வாக்கியத்திற்கே அவ்வளவும். அந்த வாக்கியம் பொய்யானால் சட்டை கந்தல்தானே?

ஆகவேதான் இம்மாதிரிச் சட்டைகளை வாங்குகிறவர்கள் வாய்ப்பேச்சை ஒப்புக்கொள்வதில்லை. ஆட்டத்தன்று எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம்பர் எந்தக் கோட்டுக்கு நேரே தைக்கப்பட்டிருக்கிறது, கிழிசலை ஒட்டுப்போட்ட தையல் எப்படி வளைகிறது, ரப்பர் வட்டு பட்ட கறுப்புக் கறை எங்கே என்று ஒவ்வொன்றாய் ஒத்துப் பார்க்கிறார்கள். நம்மூர் வண்ணார் கையில் கொடுத்து அந்தக் கறையைப் போக்கிவிட்டால் சாக்ஷியும் போய்விடும்! பணம் தங்கள் மடியிலிருந்து போகிறதென்றால் மனிதர்களுக்கு எவ்வளவு புத்தி வந்துவிடுகிறது பாருங்கள்.

ஆனால் அந்தச் சாக்ஷி, ஹெண்டர்சன் அதைப் போட்டிருந்தார் என்பதைத்தான் மெய்ப்பிக்கும். அவருடைய ஆட்டம் அவர் காலிலும் கையிலும் இருந்ததேயொழியச் சட்டையில் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு நாம் பனியில் இறங்கினால் வழுக்கித்தான் விழுவோம்.

ஏலத்தில் எடுத்த கனடா வியாபாரி அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடவில்லை. ஊரூராய்க் கொண்டுபோய் ஜனங்களுக்குக் காட்டச் செய்தார். அந்த மட்டில் அவர் செய்தது நமக்கும் திருப்தியே.